நாணயத்தின்மேல் ஏன் பழி?

கிடைக்காமற்போன செல்வத்தைப் பற்றிப் பேசும்போது நாம் எல்லாரும் செல்வந்தர்களாகி விடுகிறோம். சென்ற ஆண்டின் இறுதியில், பிரிக்பீல்ட்சில் ஓர் ஆசிரியரின் பணி ஓய்வு விருந்துக்குச் சென்றிருந்தேன். வாழையிலை எடுத்து வெற்றிலைத் தட்டு வந்தபின், பேச்சு வழக்கம்போலப் பணத்தின் பக்கம் திரும்பிற்று. விருந்தின் நாயகர் நீண்டதொரு பெருமூச்சு விட்டுச் சொன்னார்: “முப்பது ஆண்டுக்கு முன்பு நினைவு நாணயங்களாக வாங்கிப் பெட்டியில் அடுக்கினேன். அந்தப் பணத்துக்கு அன்றைக்கே ஒரு வங்கியின் பங்கை வாங்கிப் போட்டிருந்தால், இன்றைக்கு நான் பெரும் பணக்காரன்.” மேசையைச் சுற்றியிருந்த அனைவரும் தலையசைத்தனர். நானும் அசைத்தேன். அந்தத் தலையசைப்புக்காக இன்று வெட்கப்படுகிறேன். இக்கட்டுரை அதற்கு நான் தேடும் கழுவாய்.

அந்த மேசையின் கோடியில் என் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் அமர்ந்திருந்தார். பணியில் சேர்ந்து நான்கு ஆண்டுகளே ஆனவர். பெரியவர்கள் பேச்சில் குறுக்கிடாத பண்பாளர். பத்து நாள் கழித்து அவர் என் அறைக்கு வந்தார். கையில் ஒரு கடன் விண்ணப்பப் படிவம். தொகை 30,000 வெள்ளி; 10 ஆண்டுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்; தலைமையாசிரியர் உறுதிக் கையொப்பம் இட வேண்டும். “எதற்குத் தம்பி இவ்வளவு பணம்?” என்று கேட்டேன். “பங்கு வாங்கப் போகிறேன், ஐயா. புலனக் குழு ஒன்றில் ஒருவர் நல்ல பங்குகளாகச் சொல்லித் தருகிறார். அன்றைக்கு விருந்தில் நீங்கள் எல்லாரும் வருந்தியதைப் பார்த்தேன். எனக்கு அந்த வருத்தம் வரக் கூடாது” என்றார்.

ஆசிரியப் பெருமக்களே, நாம் கரும்பலகையின் முன் நின்று சொல்வது மட்டும் பாடமன்று. நம் பெருமூச்சும் பாடமாகிறது. “நாணயம் வாங்கினேன், கெட்டேன், பங்கு வாங்கியிருந்தால் வாழ்ந்திருப்பேன்” என்னும் புலம்பல் ஒரு பொய்க் கணக்கு. அப்பொய்க் கணக்கை அனுபவ மொழியாக அடுத்த தலைமுறைக்கு வழங்குவது அதனினும் பெரிய பிழை. நாம் செய்த தவறு வாங்கிய பொருளில் இல்லை. ஒன்றும் அறியாமல் வாங்கியதில் இருக்கிறது. நாணயத்தில் பத்து ஆண்டு கூடிச் செய்த அந்தத் தவற்றைப் பங்கில் ஒரே நாளில் செய்துவிடலாம். இதுவே என் வழக்கு.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பயிற்சிக் கல்லூரியை விட்டு வெளிவந்து, பணியில் நிலைபெற்ற காலம். 1993 முதல் 2003 வரை, சம்பளம் வந்த வாரத்தில் கோலாலம்பூரில் ஒரு கடைக்குச் சென்று, உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் அச்சிட்ட நினைவு நாணயங்களை வாங்கி வருவேன். கண்ணாடிபோல் மின்னும் வெள்ளிக் காசு, அதற்கொரு மகமல் பெட்டி, பெட்டிக்குள் ஓர் எண்ணிட்ட சான்றிதழ். “பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது இதன் மதிப்பே வேறு, சார்” என்று கடைக்காரர் சொல்வார். அவரைக் குறைசொல்ல மாட்டேன். கேட்க விரும்பியதைத்தான் கேட்டேன். ஒவ்வொரு காசின் விலையையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். மொத்தம் 84 காசுகள்; கொடுத்த தொகை 11,760 வெள்ளி.

2015இல் மூத்த மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பெட்டிகளை ஒரு பயணப்பையில் அடுக்கிக்கொண்டு கடை கடையாக ஏறினேன். உலோகத்தின் எடையைத்தான் பார்த்தார்கள். மகமல் பெட்டிக்கு விலையில்லை. சான்றிதழை யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஒருவழியாக 4,620 வெள்ளிக்கு அனைத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். மகள் உயர்கல்விக் கடன் வாங்கிப் படித்தாள். வேலைக்குச் சென்ற பிறகும் அதைச் செலுத்திக்கொண்டிருக்கிறாள். பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருந்த இரவில் அவள் என்னிடம் கேட்டாள்: “அப்பா, இவற்றில் ஏதாவது ஒரு காசின் கதையை எனக்குச் சொல்லுங்களேன்.” எனக்கு ஒரு கதையும் தெரியவில்லை. எந்த நிகழ்வுக்காக வெளியிட்டது, யார் உருவம், எத்தனை அச்சிட்டார்கள் என்று ஒன்றையும் நான் படித்ததில்லை. பல பெட்டிகளை வாங்கிய நாளுக்குப் பின் திறந்ததே இல்லை. அன்றுதான் விளங்கிற்று: நான் நாணயம் சேர்த்தவனும் அல்லன், முதலீடு செய்தவனும் அல்லன். பெட்டி வாங்கியவன். அதன் பிறகும் பல்லாண்டுகள், பங்கு வாங்காமற்போனேனே என்ற பாட்டைத்தான் நானும் பாடிக்கொண்டிருந்தேன்.

இங்கே நம்மவர்மீது ஒரு பழி சுமத்தப்படுவதுண்டு. தமிழன் உலோகப் பைத்தியம் பிடித்தவன், காசையும் நகையையும் பூட்டி வைப்பானேயன்றிப் பணத்தைப் பெருக்கத் தெரியாதவன் என்பார்கள். வரலாறு அறியாதார் கூற்று இது. ஜப்பானியர் ஆட்சியில் இந்நாட்டில் புழங்கிய தாளில் வாழைமரம் அச்சிடப்பட்டிருந்தது. மூன்றரை ஆண்டு அத்தாளுக்காக உழைத்து, அத்தாளையே சேர்த்து வைத்தவர்கள், 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பியதும் அது செல்லாது என்று கேட்டார்கள். தோட்டத்து லயங்களில் பிள்ளைகள் அத்தாள்களை வைத்து விளையாடியதைப் பாட்டி சொல்லக் கேட்டவன் நான்.

இருபத்திரண்டு ஆண்டு கழித்து மீண்டும் ஓர் அடி. 1967 ஜூனில் பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது. பழைய மலாயா, பிரிட்டிஷ் போர்னியோ தாள்களும் உடன் புழங்கின. அவ்வாண்டு நவம்பர் 18இல் பிரிட்டன் தன் பவுண்டின் மதிப்பை 14.3 விழுக்காடு குறைத்தது. பழைய தாள்கள் பவுண்டைச் சார்ந்தவை. ஆதலின் பழைய 1 வெள்ளிக்குப் புதிய 85 சென் மட்டுமே என்றாகிவிட்டது. பினாங்கில் கடையடைப்பும் கலவரமும் மூண்டு உயிர்கள் போயின. கிள்ளானுக்கு அருகே தோட்டத்தில் பால்மரம் சீவிய என் தாய், மாவு டப்பாவுக்குள் சேர்த்து வைத்திருந்ததும் பழைய தாள்களே. நூறு வெள்ளி வைத்திருந்தவருக்கு ஒரே வாரத்தில் பதினைந்து வெள்ளி காணாமற்போயிற்று. இப்படி இருமுறை தாளால் ஏமாந்த மக்கள் அடுத்த சம்பளத்தில் ஒரு பவுன் வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டால், அது பைத்தியமா? பட்டறிவா?

பட்டறிவுதான். ஆனால், அன்னையர் வாங்கிய பவுனுக்கும் நான் வாங்கிய பெட்டிக்கும் இருந்த வேறுபாட்டை நான் கவனிக்கவில்லை. ஒரு நாணயத்துக்கு மூன்று மதிப்புகள் உண்டு. அதன்மேல் பொறித்திருப்பது முகமதிப்பு. உருக்கினால் கிடைப்பது உலோக மதிப்பு. அதைத் தேடி அலையும் ஒருவர் தர முன்வருவது சேகரிப்பு மதிப்பு. பவுனுக்கு விலை பெரும்பாலும் இரண்டாவதைச் சார்ந்தது. ஜாலான் தெங்கு கிளானாவில் எந்த நகைக்கடையில் கேட்டாலும் அன்றைய விலை தெரிந்துவிடும். 2001 ஜூலையில் பேங்க் நெகாரா வெளியிட்ட கிஜாங் எமாஸ் தங்க நாணயமும் அவ்வகையே. தங்கத்தின் விலையோடு அதன் விலையும் ஏறி இறங்கும். நினைவு நாணயத்தின் விலையிலோ உலோகம், அச்சுக்கூலி, பெட்டி, கடைக்காரர் இலாபம், வாங்குவோர் கனவு என்று ஐந்தும் கலந்திருக்கும். விற்கப் போகும்போது பெட்டியும் கனவும் கழிந்துவிடும்.

மூன்றாவது மதிப்பு எப்போது பிறக்கிறது? அந்தக் காசு அரிதாகும்போது. அரிதான அதைத் தேடுவோர் பலராகும்போது. பாட்டன் காலத்துக் காசுகளிற் சில இன்று அரியவையாயிருப்பதற்குக் காரணம், அன்றைய மக்கள் அவற்றைச் செலவழித்தார்கள், தேய்த்தார்கள், தொலைத்தார்கள். நாமோ வாங்கிய ஒவ்வொன்றையும் உறை பிரிக்காமல் பூட்டி வைத்தோம். எல்லாரும் பாதுகாத்து வைத்த பொருள் அரிய பொருள் ஆவதில்லை. இந்த எளிய உண்மையை எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை.

இனி, பங்கு வாங்கியிருந்தால் என்னும் பேச்சுக்கு வருவோம். தேர்வு முடிந்த பின் விடைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லா வினாவுக்கும் விடை தெரியும் என்று ஒரு மாணவன் சொன்னால் நாம் மதிப்பெண் தருவோமா? பின்னோக்கி வருந்துவோர் செய்வது இதுதான். இன்று வளர்ந்து நிற்கும் ஒரு வங்கியின் பெயரைச் சொல்லி, அதை வாங்கியிருப்பேன் என்கிறார்கள். அதே ஆண்டில் அதே ஆரவாரத்தோடு விற்கப்பட்டு, பின்னர் சந்தைப் பட்டியலிலிருந்தே மறைந்துபோன நிறுவனங்களின் பெயரை யாரும் சொல்வதில்லை. சிறிய நிறுவனங்களுக்கென 1988இல் தொடங்கிய ‘செகண்ட் போர்ட்’ என்னும் பிரிவு 2009இல் முதன்மைச் சந்தையோடு கலந்து பெயரிழந்தது. தொண்ணூறுகளில் அப்பிரிவுப் பங்குகளைத் துரத்திய ஆசிரியர்களை நான் அறிவேன். ஓய்வு நேரத்தில் ஆசிரியர் அறையில் வானொலிபோல் விலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள், பின்னர் அப்பேச்சையே எடுப்பதில்லை. வென்றவன் ஊரெல்லாம் சொல்கிறான். தோற்றவன் வீட்டிலும் சொல்வதில்லை. நம் காதில் விழுவது பாதிக் கணக்கு.

முழுக் கணக்கைப் பாருங்கள். 1985 டிசம்பரில் பான்-எலக்ட்ரிக் என்னும் சிங்கப்பூர் நிறுவனம் நொடித்துப்போக, சிங்கப்பூர், கோலாலம்பூர் பங்குச் சந்தைகள் இரண்டும் மூன்று நாள் கதவடைத்தன. 1994 ஜனவரித் தொடக்கத்தில் கோலாலம்பூர் பங்குக் குறியீடு 1,314 புள்ளியைத் தொட்டது. ஆசிய நிதி நெருக்கடியின் அடிமட்டத்தில், 1998 செப்டம்பர் 1ஆம் நாள், அது 262 புள்ளியில் கிடந்தது. ஐந்து பங்கில் நான்கு பங்கு போயிற்று. 1994இன் உச்சத்தைக் குறியீடு மீண்டும் தாண்டியது 2007இல். உச்சத்தில் வாங்கியவர் பதின்மூன்று ஆண்டு காத்திருந்தார். இடையில் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட நேர்ந்திருந்தால், என்னைப் போலவே அவரும் பயணப்பையோடுதான் அலைந்திருப்பார்.

உலோகத்தின் கதையும் இத்தகையதே. 1971 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் நிக்சன் டாலருக்கும் தங்கத்துக்கும் இருந்த பிணைப்பை நீக்கியபோது ஓர் அவுன்ஸ் தங்கத்தின் அதிகாரமுறை விலை 35 டாலர். 1980 ஜனவரியில் அது 850 டாலர் வரை ஏறிற்று. 1999இல் ஏறத்தாழ 250 டாலருக்கு வீழ்ந்தது. 2025 அக்டோபரில் 4,000 டாலரைக் கடந்தது. 1980இல் தங்கம் வாங்கியவரை 1999இல் கேட்டால், பங்கு வாங்காமற்போனேனே என்பார். 1994இல் பங்கு வாங்கியவரை 1998இல் கேட்டால், தங்கம் வாங்காமற்போனேனே என்பார். ஒருவர் அறிவாளியா மூடரா என்பதைக் கேள்வி கேட்கும் ஆண்டு தீர்மானிக்கிறதென்றால், அத்தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

நம் சமுதாயத்தின் நெஞ்சில் உள்ள வடுவையும் தொட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது. பங்கு வாங்கத் தெரியாதவர்களா நாம்? 1982இல் மலேசிய இந்தியர் காங்கிரசின் முயற்சியால் மைக்கா ஹோல்டிங்ஸ் தொடங்கப்பட்டது. இந்தியர் பொருளாதாரத்தை உயர்த்துவோம் என்ற அழைப்பைக் கேட்டு, ஏறத்தாழ 66,000 பேர் பங்குதாரராயினர். திரண்ட முதல் 10 கோடி வெள்ளிக்கும் மேல். தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும், நகையை அடகு வைத்தவர் உட்பட, பங்கொன்று 1 வெள்ளி என்று வாங்கினர். அந்த மக்கள் காசைப் பெட்டியில் பூட்டவில்லை. தோட்டைக் கழற்றிப் பங்கு வாங்கினார்கள். 2010இல் அப்பங்குகளை வாங்கிக்கொள்ள ஒரு நிறுவனம் முன்வந்தது. விலை, பங்கொன்றுக்கு 80 சென். இருபத்தெட்டு ஆண்டு கழித்துப் போட்ட முதலே முழுதாகத் திரும்பவில்லை. நாணயத்துக்குப் பதில் பங்கு என்பது மந்திரமானால், அந்த 66,000 குடும்பங்களுக்கு அது ஏன் பலிக்கவில்லை?

அதே மக்கள் வேறொரு முறையும் கூடிப் பணம் போட்டதுண்டு. ஐம்பதுகளின் இறுதியில் பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்றபோது, துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்மரம் சீவியவர்கள் மாதந்தோறும் பத்துப் பத்து வெள்ளியாகச் செலுத்தினார்கள். கெடா மாநிலத்துப் புக்கிட் சீடிம் தோட்டத்தில் தொடங்கி, அச்சங்கம் பல தோட்டங்களை உரிமையாக்கிக்கொண்டது. உறுப்பினருக்குத் தாம் வாங்குவது எது என்று தெரியும். அவர்கள் கையாலே சீவிய மரம் அது. அம்மரம் காலையில் பால் தரும் என்பதும் தெரியும். எழுதப் படிக்க அறியாத அவர்கள், பட்டம் பெற்ற என்னைக் காட்டிலும் அறிந்து வாங்கினார்கள். பிரிக்பீல்ட்சின் நடுவே ஓடும் ஜாலான் துன் சம்பந்தனில்தான் அன்று எங்கள் விருந்து நடந்தது. அப்பெயர்ப்பலகையைக் கடந்து சென்று, உள்ளே அமர்ந்து, வங்கிப் பங்கைப் பற்றிப் பெருமூச்சு விட்டோம். ஒருவரும் அந்தப் பத்து வெள்ளியை நினைக்கவில்லை.

“அப்படியானால் நாணயமும் பங்கும் ஒன்றுதான் என்கிறீரா?” என்று கேட்போர் இருப்பர். நேர்மையான கேள்வி, நேர்மையான விடை தர வேண்டும். இரண்டும் ஒன்றன்று. நல்ல நிறுவனத்தின் பங்கு என்பது உழைக்கும் ஒரு தொழிலின் உரிமை. நாம் உறங்கும்போதும் அங்கே ஆலை ஓடும். கிடைத்த இலாபத்தில் ஒரு பகுதி ஈவாக வரும். பெட்டிக்குள் கிடக்கும் காசோ, பத்து ஆண்டு கிடந்தாலும் குட்டி போடாது. ஆதலால் பிள்ளையின் படிப்புக்கெனச் சேமிக்கும் பணத்தை நினைவு நாணயத்தில் போட்டது தவறுதான். அதை நான் நியாயப்படுத்த வரவில்லை. நான் மறுப்பது, அத்தவற்றிலிருந்து நாம் கற்றுக்கொண்டதாகச் சொல்லும் பாடத்தை. பொருளின் பெயரை மாற்றிவிட்டால் அறிவு வந்துவிடாது.

தமிழாசிரியர்களாகிய நமக்கு வழிகாட்ட வேற்று நூல் வேண்டியதில்லை. திருக்குறளின் தெரிந்துசெயல்வகை அதிகாரம், தொடக்கத்திலேயே மூன்றை எடைபோடச் சொல்கிறது: நம் கையைவிட்டுப் போவது எது, கைக்கு வருவது எது, வந்தபின் அது தொடர்ந்து தரும் ஊதியம் எது. அதே அதிகாரத்தின் மூன்றாம் குறள், வரப்போகும் ஆக்கத்தை எண்ணி இருக்கும் முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என எச்சரிக்கிறது. இவ்வதிகாரத்தை ஆண்டுதோறும் நடத்தியவன் நான். சொற்பொருள் சொன்னேன், இலக்கணக் குறிப்புச் சொன்னேன். மாதக் கடைசியில் கடைக்குப் போகும்போது அது என் நினைவுக்கு வரவில்லை. என் நாணயங்களை அத்துலாக்கோலில் வைத்திருந்தால், போனது 140 வெள்ளி, வந்தது ஒரு சிறு வெள்ளித் தகடு, தொடர்ந்து வரும் ஊதியம் சுழியம் என்று முதல் மாதமே தெரிந்திருக்கும். இக்காலத்துக்கு நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்த்துக்கொள்கிறேன்: கணக்கு யாரிடம் கேட்பது? அக்கேள்விக்கு விடை இல்லாத இடத்தில், பங்கும் வெறும் பெட்டியே.

நாணயம் சேர்ப்பதையே இழிவாகக் கருதிவிடவும் வேண்டா. தினமலர் ஆசிரியராயிருந்த நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தியை எண்ணிப் பாருங்கள். தேய்ந்து அழுக்கேறிய ஒரு சிறு செப்புக் காசைத் தூய்மைசெய்து உற்றுப் பார்த்த அவர், அதில் தமிழ் பிராமி எழுத்தில் ‘பெருவழுதி’ என்னும் பெயர் இருக்கக் கண்டார். சங்க காலப் பாண்டியர் தம் பெயர் பொறித்துக் காசு வெளியிட்டனர் என்பதற்கு அது சான்றாயிற்று. அவரிடம் போய், இக்காசுக்குப் பதில் பங்கு வாங்கியிருக்கலாமே என்று யாரேனும் கேட்பரோ? அவர் தேடியது அறிவு, அது கிடைத்தது. நான் தேடியது இலாபம். ஆனால் அதற்குரிய கணக்கைப் போடவில்லை. காட்டிக்கொண்டது இரசனை, ஆனால் அதற்குரிய படிப்பைப் படிக்கவில்லை. இரண்டு குதிரையில் ஏற நினைத்தவன் இரண்டிலிருந்தும் விழுந்தேன்.

என்னிடம் இப்போது ஒரே ஒரு காசு எஞ்சியிருக்கிறது. அன்று கடைக்காரர் ஒதுக்கித் தள்ளியது. ஊழியர் சேமநிதியின் 25ஆம் ஆண்டு நிறைவுக்காக 1976இல் வெளியிடப்பட்ட 1 வெள்ளி நாணயம். பெயரில் வெள்ளி உண்டு; உலோகத்தில் இல்லை, செம்பும் நிக்கலும்தாம். ஆறாம் ஆண்டு கணித வகுப்புக்கு அதை எடுத்துச் செல்கிறேன். நம் பாடநூலில் அடக்கவிலை, விற்பனைவிலை, இலாபம், நட்டம், வட்டி, இலாப ஈவு எல்லாம் இருக்கின்றன. பிள்ளைகள் கணக்கைப் பிழையின்றிப் போடுகிறார்கள். ஆனால் அக்கணக்கு தம் வீட்டு அலமாரியைப் பற்றியது என்று அறியார். காசை மேசைமேல் வைத்து ஒரு வினா கேட்கிறேன்: ஆண்டுக்கு 6 விழுக்காடு ஈவு என்று வைத்துக்கொண்டால், 72ஐ 6ஆல் வகுக்க 12, ஏறத்தாழ 12 ஆண்டுக்கு ஒருமுறை பணம் இரட்டிக்கும். இந்த 1 வெள்ளியைக் காசாக வைத்துக்கொள்ளாமல், அது யாருக்காக அச்சிடப்பட்டதோ அந்தச் சேமநிதியிலேயே போட்டிருந்தால்? பிள்ளைகள் விரல்விட்டு எண்ணுகிறார்கள். 1988இல் 2, 2000இல் 4, 2012இல் 8, 2024இல் 16. ஒரு சிறுமி உடனே கேட்டாள்: “ஐயா, ஈவு ஒவ்வோர் ஆண்டும் மாறுமே?” அக்கேள்விக்காகவே அந்தக் காசைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன். “மாறும். ஆகவே உறுதியாக எதையும் சொல்பவரை நம்பாதே” என்று விடை சொன்னேன்.

அடுத்த வாரம், வீட்டில் கிடக்கும் பழைய காசு ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். ஜார்ஜ் மன்னர் தலை பொறித்த சதுரக் காசு ஒன்று வந்தது. இந்திய அணாவும் வந்தது. ஒவ்வொன்றின் கதையையும் பாட்டியிடம் கேட்டு எழுதி வந்தார்கள். விலை எவ்வளவு என்பது அவர்கள் கேட்ட கடைசிக் கேள்வி. என் மகளுக்கு நான் சொல்ல இயலாத கதைகளை அந்தப் பிள்ளைகள் எனக்குச் சொன்னார்கள்.

அந்த இளம் ஆசிரியரிடம் நான் கையொப்பம் மறுக்கவில்லை. அவர் சம்பளம் அவருடையது. அந்த நான்கு கேள்விகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். கையைவிட்டுப் போவது, 30,000 வெள்ளியா, பத்து ஆண்டு வட்டியும் சேர்த்தா? கடனின் வட்டி உறுதி. பங்கின் இலாபம் உறுதியன்று என்பதைக் கணக்கில் சேர்த்தீரா? வாங்கப்போகும் நிறுவனம் என்ன செய்து பிழைக்கிறது, சென்ற ஐந்து ஆண்டில் ஈவு தந்ததா? புலனக் குழுவில் பங்கு சொல்லித் தருபவருக்குப் பங்கு ஆணையத்தின் உரிமம் உண்டா. பணம் போய்விட்டால் அவரிடம் கணக்குக் கேட்க முடியுமா? அவர் தாளை நீண்ட நேரம் பார்த்தார். “ஒன்றுக்கும் எனக்கு விடை தெரியவில்லை, ஐயா” என்றார். “எனக்கும் உங்கள் வயதில் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை” என்றேன். விடைகளோடு வருவதாகச் சொல்லிச் சென்றார். படிவம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்கள் பெரியவர்கள் இழந்த பணத்தைப் பற்றிப் பேசினால் மரியாதையோடு கேளுங்கள், பின், “அப்போது உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?” என்று ஒரு வினா எழுப்புங்கள். ஆசிரியப் பெருமக்களே, அவ்வினாவுக்கு நாம் உண்மையை விடையாகச் சொல்லுவோம். தமிழில் நாணயம் என்னும் சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரு பொருள் உண்டு. நம் அறியாமையைக் காசின்மேல் சுமத்திவிட்டு நாம் தப்பித்துக்கொள்வது, இரண்டாம் பொருளில் நாணயமாகாது.